கண்டதும் கருதியதும்

மலையுச்சியில் புகை எழக் கண்டவன் அங்கே நெருப்பு உண்டென்று துணிகிறான். நெருப்பை அவன் கண்ணால் கண்டானில்லை. ஆயினும் அவன் துணிவைப் பிழையென்று சொல்வார் எவருமில்லை. நம் நாட்டுத் தருக்க நூலார் அனுமானப் பிரமாணத்தை விளக்கப் புகுந்தபோது, வைதிகர், பௌத்தர், சமணர் என்னும் பேதமின்றி, இந்த உதாரணத்தை திரும்பத் திரும்ப எடுத்தாண்டிருக்கின்றனர். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் பக்கம் (நிறுவப்படும் கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்னும் உறுப்புக்களை மணிமேகலைக்குப் புகட்டுமிடத்தும் புகையும் நெருப்பும் அடுக்களையுமே சான்றாய் வருகின்றன. இத்துணை எளிய உதாரணம் இத்தனை நூற்றாண்டுகள் ஓயாமல் ஓதப்பட்டதற்குக் காரணம், அதன் பின்னே நிற்கும் வினா அத்துணை எளியதன்று என்பதுதான்: கண்ணால் காணாத ஒன்றை 'அறிந்தேன்' என்று சொல்ல மனிதனுக்கு எப்பொழுது உரிமை பிறக்கிறது?

இதனைச் சமயத்தின் தலையாய வினா என்றே கொள்ளலாம். கடவுள், உயிர், வினை, மறுபிறப்பு என்று சமயங்கள் பேசும் பொருள்களுள் ஒன்றேனும் புலன்களுக்கு எட்டுவதில்லை. எட்டுகின்ற உலகத்தை அடையாளமாகக் கொண்டு எட்டாத காரணத்தைத் துணியவே தத்துவ விசாரம் பெரும்பாலும் முயல்கிறது. உலகாயதர் இதை நன்குணர்ந்தே அனுமானத்தின் வேரில் கை வைத்தனர். புகையுள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டென்பதை எவ்விடத்தும் எக்காலத்தும் கண்டு வந்தவர் யார் என்று அவர்கள் கேட்ட கேள்வியை ஆஸ்திகர் எளிதில் தள்ளிவிட முடியாது.

விழுப்புரம் மாவட்டத்து மண்ணுக்கு இவ்விசாரம் புதியதன்று. 13-ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் விளங்கிய மெய்கண்டார் சிவஞானபோதத்தை அருளினார். அவர் மாணவராகிய அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பொருளாராய்ச்சிக்கு முன்னே அளவையிலக்கணத்தை வைத்து, பிறர் பத்தென்றும் அதற்கு மேலென்றும் விரித்த பிரமாணங்களைக் காண்டல் (நேர்க்காட்சி), கருதல் (அனுமானம்), உரை (சான்றோர் சொல்) என்னும் மூன்றனுள் அடக்கினார். புதுச்சேரிக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள பொம்மையார்பாளையமோ, மயிலம் முருகன் கோயிலைப் பரிபாலித்து வரும் பொம்மபுர ஆதீனத்தின் பழைய இருப்பிடம். அவ்வீரசைவ மடத்தின் சிவஞான பாலைய சுவாமிகள்மீது தாலாட்டும் நெஞ்சுவிடு தூதும் பாடிய 17-ஆம் நூற்றாண்டுச் சிவப்பிரகாசர், பிரபுலிங்க லீலையை இயற்றிய அதே கையால் தருக்கபரிபாஷை என்னும் அளவை நூலையும் தமிழில் தந்தவர். பக்தியில் உருகிய நெஞ்சம் தருக்கத்தை வெறுக்கவில்லை என்பதற்கு அவரினும் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

பொம்மையார்பாளையத்தின் வழியே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஒரு தகரக் கொட்டகைப் பட்டறையில், அளவை நூலின் பெயரையும் கேட்டிராத ஒரு மெக்கானிக் இதே விசாரத்தை நாள்தோறும் நடத்தக் காண்கிறேன். அவர் செய்வதை விளங்கிக் கொள்ள வேண்டுமானால் காரின் உள்ளமைப்பைச் சிறிது அறிந்திருத்தல் அவசியம். ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய நிறையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் பட்டறையில் அதை 'ரிச்' என்பர், குறைந்தால் 'லீன்' என்பர். (இந்த 14.7 என்னும் எண்ணும் கலப்பில்லாத பெட்ரோலுக்கே உரியது. இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதனினும் குறைந்த காற்றே போதும்; எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதுதான் காரணம்.) கலவை சரியாக அமைந்ததா என்பதை எஞ்சினின் கம்ப்யூட்டர் தானே பார்க்க வல்லதன்று. எரிந்து முடிந்து வெளியேறும் வாயு ஓடும் குழாயில் சிர்கோனியாவால் ஆன ஆக்ஸிஜன் சென்சார் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். 1976-இல் பாஷ் நிறுவனம் செய்து வால்வோ கார்களில் முதன்முதல் வைத்த கருவி அது. வெளிக்காற்றில் உள்ள ஆக்ஸிஜனையும் கழிவாயுவில் எஞ்சிய ஆக்ஸிஜனையும் ஒப்பிட்டு, மிச்சம் இல்லையெனில் ஏறத்தாழ 0.9 வோல்ட்டும், மிச்சம் இருப்பின் ஏறத்தாழ 0.1 வோல்ட்டும் அது காட்டும். அவ்வளவையே சாட்சியாகக் கொண்டு கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் வருகிறது. திருத்தம் அளவு கடந்தால் செக் இன்ஜின் விளக்கை ஏற்றி, தன் நினைவில் ஒரு கோடு எண்ணைப் பதித்து வைக்கிறது.

இத்தனை நுட்பமும் எதற்காக என்றால், குழாயில் மேலும் ஓர் அடி தள்ளி இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்காக. தேன்கூட்டு அறைகளையுடைய அதன் உட்பகுதியில் பூசப்பட்ட பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் கார்பன் மோனாக்சைடையும், எரியாத ஹைட்ரோகார்பன்களையும், நைட்ரஜன் ஆக்சைடுகளையும் ஒருங்கே தீங்கற்ற வாயுக்களாக மாற்ற வேண்டுமெனில், கலவை ரிச்சும் லீனும் அல்லாத அந்த நடுநிலையை ஒட்டியே ஊசலாட வேண்டும். டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் இதனை நஞ்சூட்டிக் கெடுத்துவிடுமாதலால் ஈயமில்லாப் பெட்ரோலும் உடன் வந்தது. ஆக, அந்தச் சிறிய சென்சார் கூறும் சாட்சியம் பிழையாகக் கொள்ளப்பட்டால், அதன் பயனைச் சாலையோரத்துக் குழந்தையின் சுவாசம் அனுபவிக்கிறது. இது வண்டிக்காரரின் பணத்தோடு முடிகிற விஷயமன்று.

மீன் வியாபாரி ஒருவர் கொண்டுவந்த காரில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். விளக்கு எரிந்தது, ஸ்கேனர் காட்டிய கோடு பி 0171, அதாவது கலவை லீன். வேறோரிடத்தில் அக்கோடைப் படித்தவர்கள் ஆக்ஸிஜன் சென்சாரையே மாற்றிக் கொடுத்திருந்தனர். சில நாளில் விளக்கு மீண்டும் எரிந்தது. மைலேஜ் குறைந்துவிட்டது என்பது அவருடைய முறையீடு. நம் மெக்கானிக் ஸ்கேனரைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தார். காற்று உள்ளே செல்லும் வழியில் ரப்பர் ஓஸ்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தார், ஒன்றிலும் வெடிப்பில்லை. பின்பு ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். அதன் முனை முழுவதும் உலர்ந்த கரி படிந்து கறுத்திருந்தது. இங்கேதான் விஷயம் கனிந்தது: பெட்ரோல் போதவில்லை என்கிறது கம்ப்யூட்டர், பெட்ரோல் மிகுந்து எரியாமல் கரியாயிற்று என்கிறது பிளக். ஒரே எஞ்சினைப் பற்றி இரண்டு சாட்சிகள் நேர் முரணாகப் பேசுகின்றன. முரணைக் கண்டவுடன் ஒரு சாட்சியைப் பொய்யன் என்று தள்ளிவிடுவது நம் எல்லோருக்கும் இயல்பு. முன்பு பார்த்தவர்கள் சென்சாரைத் தள்ளியதும் அந்த இயல்பினால்தான். இவர் அப்படிச் செய்யவில்லை. இரண்டும் மெய்யாக இருக்க என்ன நிகழ்ந்திருக்க வேண்டும் என்று கேட்டார்.

எஞ்சின் ஆறியபின் மறுபடி ஓடவிட்டு, சைலன்ஸர் வாயை ஈரத்துணியால் ஒரு கணம் அடைத்துப் பிடிக்கச் சொல்லி, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் அருகே காதை வைத்தார். குழாய் இணையுமிடத்தில் 'புஸ்' என்று ஒலி கேட்டது. மரக்காணத்தில் உப்பு விளைவிக்கும் அதே கடற்காற்று, அந்த இணைப்பின் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்து பேக்கிங்கை அரித்திருந்தது. வெளியேறும் வாயு துடிப்புத் துடிப்பாகச் செல்வதால், இரண்டு துடிப்புக்கு இடையே குழாயில் அழுத்தம் தாழ்கிறது. அந்த இடைவெளியில் வெளிக்காற்று உறிஞ்சப்பட்டு உள்ளே நுழைகிறது. அடுத்து இருக்கும் சென்சார் அந்த ஆக்ஸிஜனைக் கண்டு, கண்டபடி சொல்கிறது. கம்ப்யூட்டர் அதைக் கலவையின் குறை என்று கருதி, சரியாக இருந்த எஞ்சினுக்கு மேலும் பெட்ரோலை ஊட்டுகிறது, பிளக் கறுக்கிறது. மெக்கானிக் மீன் வியாபாரியிடம் சொன்ன சொற்கள் இவை: "சென்சார் பொய் சொல்லலண்ணே. அதுக்கு ஆக்ஸிஜன் மட்டுந்தான் தெரியும். அது எங்கேருந்து வந்துச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

உரையளவையை விளக்கும் நூல்கள் ஆப்தன் என்பவனுக்குக் கூறும் இலக்கணத்தை இச்சொற்களோடு வைத்துப் பார்க்கிறேன். கண்டதைக் கண்டவாறு உரைப்பவன் ஆப்தன். அந்த அளவில் சென்சார் குற்றமற்ற ஆப்தன். 'ஆக்ஸிஜன் மிஞ்சியிருக்கிறது' என்பது அதன் காட்சி. 'கலவை லீன்' என்பதோ கம்ப்யூட்டரின் கருதல். இரண்டும் ஒரே கோடு எண்ணில் ஒட்டிக்கொண்டு வருவதால், படிப்பவன் கருதலையும் காட்சியென்றே மயங்குகிறான். ஒரு சிலிண்டரில் பிளக் தீப்பொறி தராமல் வண்டி மிஸ்ஸிங் அடிக்கும்போதும் இதுவே நிகழும்: அங்கே பெட்ரோலும் எரியாமல் வெளியேறுகிறது, காற்றும் எரியாமல் வெளியேறுகிறது, சென்சார் காற்றை மட்டுமே அறியுமாதலால், பெட்ரோல் வழிந்தோடும் எஞ்சினைப் பார்த்துப் பெட்ரோல் போதவில்லை என்று தீர்ப்பாகிவிடுகிறது. மணிமேகலை விரித்துரைக்கும் ஏதுப்போலிகளுக்கு, அதாவது ஏதுப்போல் தோன்றும் பொய்யேதுக்களுக்கு, இதனினும் தெளிந்த உதாரணத்தை அக்காலத்து ஆசிரியர்கள் பெற்றிருக்க முடியாது.

ஆவியையோ பனியையோ கண்டு அது புகைதானா என்னும் ஐயம் தீருமுன்னே நெருப்பு உண்டென்று துணிவதை மணிமேகலையின் அந்த இருபத்தொன்பதாம் காதை ஏதுப்போலிகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. மார்கழி விடியலில் சைலன்ஸரிலிருந்து எழும் வெண்மை பெரும்பாலும் நீராவியே. எஞ்சின் சூடேறியதும் மறையும். சூடேறிய பின்னும் நில்லாது வந்தால் கூலண்ட் உள்ளே கசிகிறதோ என்று ஐயுற வேண்டும். நீலம் கலந்த புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். கரும்புகை பெட்ரோல் மிகுதியைக் காட்டும். தருக்க நூலார் இன்னொரு நுட்பமும் கூறினர். புகையிலிருந்து நெருப்பை அனுமானிக்கலாம். நெருப்பிலிருந்து புகையை அனுமானித்தல் ஆகாது. ஈரவிறகு என்னும் உபாதி (புறநிபந்தனை) சேர்ந்தாலன்றி நெருப்பு புகையாது. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகையில்லை என்பது அவர்கள் காட்டிய எதிர் உதாரணம். புகை இல்லையென்பதைக் கொண்டு குற்றமும் இல்லையென்று துணிவோர்க்கு அந்த இரும்புக் குண்டு போதும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. பார்வைக்குத் தூய்மையான குழாயிலிருந்தே அது வரக்கூடும். அதனால்தான் புகைப் பரிசோதனை நிலையத்தில் கண்ணை நம்பாமல் குழாய்க்குள் கருவியை நுழைத்து, பாரத் ஸ்டேஜ் 4 பெட்ரோல் காராயின் ஐட்லிங்கில் அவ்வாயு 0.3 விழுக்காட்டுக்கு மேற்படாமல் இருக்கிறதா என்று அளக்கின்றனர்.

இவ்விடத்தில் என் உள்ளத்தில் நெடுநாளாய் நிற்கும் கருத்தை வெளியிடுகிறேன். அடையாளம் ஒன்று, காரணம் உண்டு என்பதைக் காட்டும். காரணம் இன்னது என்பதைக் காட்ட அது மட்டும் போதாது. 'உண்டு' என்பதற்கும் 'இன்னது' என்பதற்கும் இடையே உள்ள தூரம் பெரிது. பட்டறையில் நிகழும் பிழைகளுள் பெரும்பாலானவை இத்தூரத்தை ஒரே தாவலில் கடக்க முயல்வதால் வருவன. சமய வாழ்விலும் அப்படியே. மெய்கண்டார் மரபினர் இதனைக் காத்து நின்ற முறை வியக்கத்தக்கது. தோன்றி நின்று ஒடுங்கும் உலகத்தைக் கொண்டு அதற்கு ஒரு கர்த்தா உண்டென்று அனுமானத்தால் நிறுவினர். ஆனால் அக்கர்த்தாவின் சொரூபத்தைப் கருவிவழி வரும் பாச ஞானத்தாலும் உயிரின் சொந்த அறிவாகிய பசு ஞானத்தாலும் அறியலாகாது, இறையருளால் வரும் பதிஞானத்தாலேயே அறிதல் கூடும் என்று அடுத்தபடியே கருதலுக்கு எல்லை கட்டினர். கடவுளைப் பற்றியே இத்துணை அடக்கம் காட்டிய மரபில் வந்த நாம், அயலான் வினையைப் பற்றி ஒரு சிறிதும் அடக்கமின்றிப் பேசுகிறோம்.

ஒரு வீட்டில் துன்பம் நேர்கிறது. காரணமின்றிக் காரியமில்லை என்பது சரி. வினைக் கொள்கையை ஏற்றவன் அத்துன்பத்திற்கு வினை ஏதுவென்று கொள்வதும் அவன் சமயத்திற்கு முரணன்று. ஆனால் அடுத்த கணமே, புதிதாய் வந்த மருமகளின் ராசி என்றும், முன்பிறவியில் இன்ன பாவம் செய்தவன் என்றும், குலதெய்வத்தின் கோபம் என்றும் பெயரிட்டுச் சொல்கிறார்களே, அந்தத் தாவலுக்கு எந்தப் பிரமாணம் துணை நிற்கிறது? பிள்ளையில்லாத பெண்ணும், ஊனமுற்ற குழந்தையைப் பெற்ற தாயும் இத்தாவலினால் அடைந்த வேதனைக்கு அளவில்லை. முதல் துன்பத்தோடு பழியையும் அவர்கள் சுமக்க நேர்கிறது. ஞானிகள் பிறர் வினையை அறிந்து கூறியதாகப் புராணங்கள் சொல்கின்றனவே எனின், விடை சித்தியாரிலேயே இருக்கிறது. காட்சியை நால்வகையாக்கிய அருணந்தியார் யோகக் காட்சியையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். ஞானி அறிந்தது காண்டலால். அக்காட்சியைப் பெறாதவன் அதே முடிவைக் கருதலால் எட்ட முயல்வது, சென்சாரின் இடத்தில் தன் ஊகத்தை வைப்பதாகும். அந்நால்வகையுள் தன்வேதனைக் காட்சி என்பதும் ஒன்று. தன் இன்ப துன்பங்களைத் தானே நேரில் அறிவது அது. ஆகவே தன் துன்பத்தின் முன் நின்று 'இது என் வினை' என்று ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதற்கு இடமுண்டு. அச்சொல் அவனைப் பொறுமைக்கும் திருத்தத்திற்கும் அழைத்துச் செல்லக்கூடும். 'இது உன் வினை' என்று அடுத்தவனைப் பார்த்துச் சொல்ல எனக்கு உரிமை தரும் அளவை எதனையும் நம் நூல்களில் நான் காணவில்லை.

இதைப் பொதுவாகச் சொல்லி நிறுத்தவும் மனம் வரவில்லை. பொம்மையார்பாளையத்தின் கடற்கரையே இதற்கு ஒரு கொடிய உதாரணமாக இருக்கிறது. பல ஆண்டுகளாகக் கடல் அங்கே கரையைத் தின்று வருகிறது. படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் இடமிருந்த மணல்வெளி சுருங்கியது. மீனவர் வீடுகள் அலையில் இடிந்தன. கடல்தாய்க்குச் செய்த குற்றம் என்றொரு பேச்சு இத்தகைய காலங்களில் எங்கும் எழுவதுண்டு. கரையை அளந்து ஆராய்ந்தவர்கள் காரணத்தை அவ்வூரில் காணவில்லை. தெற்கே, 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் கட்டப்பட்ட அலைதடுப்புச் சுவர்களில் கண்டனர். இக்கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. சுவர் அதை வழியில் மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே வரவேண்டியது வராமற் போயிற்று. பழுது மேனிஃபோல்டில் இருக்கச் சென்சாரை மாற்றியது போலவே இங்கும் அடையாளம் தெரிந்த இடத்தில் கருங்கல்லைக் கொட்டினர். கல் கொட்டிய குப்பம் ஓரளவு தப்ப, அரிப்பு அதற்கு வடக்கேயுள்ள குப்பத்திற்கு நகர்ந்தது.

இடிந்த வீட்டுச் சுவரின் முன் நிற்கும் மீனவரிடம் விதியென்றும் வினையென்றும் பேசுவோர், சைவத்தின் பெயரால் அதைப் பேச வேண்டா. அவருக்குச் செய்ய வேண்டிய பரிகாரம் துறைமுகத்தின் தென்புறத்தில் தேங்கிக் கிடக்கும் மணலை வாரி எடுத்து வடபுறக் கரையில் சேர்ப்பது. அதை ஒருமுறை செய்து விட்டுவிடாமல், அலைதடுப்புச் சுவர் அங்கே நிற்கும் காலமெல்லாம் ஆண்டுதோறும் செய்து வர வேண்டும்.